கயிறா, இரும்பா? தோட்ட மைதானத்துக்கு எந்தத் தடுப்பு

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் உதைபந்தாட்டப் போட்டி என்றாலே இந்த வாக்குவாதம் வந்துவிடும்: பார்க்க வரும் கூட்டம் மைதானத்துக்குள் வராமலிருக்க மூங்கில் நட்டுக் கயிறு கட்டுவதா, இரும்புத் தடுப்பை வாடகைக்கு எடுப்பதா?

செலவு: மூங்கிலும் கயிறும் தோட்டத்திலேயே கிடைக்கும், உழைப்புதான் செலவு. இரும்புக்கு வாடகையோடு லொறிக் கூலியும் சேரும். மலைப்பாதையில் அதுதான் வலிக்கும்.

மழை: ஈர மண்ணில் மூங்கில் சாயும், கயிறு தொய்யும். இரும்பு துருப்பிடிக்கும், ஆனால் நிற்கும். சரிவில் மட்டும் அதன் கால்கள் சமமாக உட்காராது, கல் வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும்.

நெரிசல்: இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். கயிறு கூட்டத்தைத் தாங்காது, ஆனால் குனிந்து மறுபக்கம் போய்விடலாம். கொக்கி மாட்டி வரிசையாக நிறுத்திய இரும்பு தாங்கும், ஆனால் வழி விடாது. 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ உதைபந்தாட்ட மைதானத்தில் 97 பேர் இறந்த நெரிசலில், முன்னால் இருந்த இரும்பு வேலிதான் மக்களை மைதானத்துக்குள் தப்பவிடாமல் செய்தது. நம் மைதானங்களில் தேயிலைச் சரிவில் நிற்கும் கூட்டம் கோல் விழுந்ததும் கீழ்நோக்கித்தான் ஓடிவரும். பாரம் முழுக்க முன்வரிசைப் பிள்ளைகள் மேல்.

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆட்கள் மட்டும் வரும் ஆட்டத்துக்குக் கயிறே போதும். கோட்டிலிருந்து நாலைந்து அடி தள்ளிக் கட்டுங்கள். இறுதியாட்டத்துக்கு இரும்பு எடுக்கலாம். ஆனால் இடையிடையே திறப்பு விட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் ஆளை நிறுத்துங்கள். சரிவின் அடியில் மட்டும் இரும்பு வேண்டவே வேண்டாம், அங்கே கயிறுதான்.