அந்தூரியமா, பீஸ் லில்லியா?

நர்சரிகளில் அருகருகே வைத்து விற்கப்படும் அந்தூரியமும் பீஸ் லில்லியும் நம் சேம்புக்கும் கருணைக்கிழங்குக்கும் உறவான வெப்பமண்டல அமெரிக்கச் செடிகள். பெயரில் லில்லி இருந்தாலும் அல்லிக் குடும்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டிலும் நாம் பூ என்று சொல்வது தென்னம்பாளையைப் போன்ற ஒரு மடல்தான். நிஜப் பூக்கள் நடுவிலுள்ள கதிரில் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கின்றன. மடலின் நிறத்தைவிட வேரின் இயல்பைப் பார்த்து வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

அந்தூரியம் காட்டில் மரங்களின் மீதும் தொற்றி வளரக்கூடியது என்பதால், அதன் தடித்த வேர்களுக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். இதை அறியாமல் செம்மண்ணில் நட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றிய நான், இலை வாடியபோது தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். தொட்டியைக் கவிழ்த்தபோது வேரின் தோல் கையோடு உரிந்து வந்தது. மிஞ்சியது நூல் போன்ற நடுநரம்பு மட்டுமே. இப்போது தேங்காய் மட்டைத் துண்டுகள், அடுப்புக்கரி, உடைத்த செங்கல் ஆகியவற்றில்தான் வளர்க்கிறேன். பீஸ் லில்லி அப்படிப்பட்டதன்று. நிழலான, ஈரமான தரையில் வளர்ந்து பழகிய அது, தாகம் எடுத்தால் இலைகளையெல்லாம் தொட்டி விளிம்பில் சரித்துவிடும். தண்ணீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். மறதிக்காரர்களுக்கு இதைவிட நல்ல செடி கிடையாது.

பூக்கும் விஷயத்தில் அந்தூரியமே மேல். இலைக்கணுவுக்கு ஒரு பூ என்ற கணக்கில், வெயில் நேரடியாகப் படாத நல்ல வெளிச்சத்தில் புது இலை வரவரப் பூவும் வரும். ஒரு மடல் பல வாரங்கள் நிற்கும். பீஸ் லில்லி இருண்ட மூலையிலும் உயிர் வாழும், ஆனால் அங்கே பூக்காது. நர்சரியில் அது கொத்தாகப் பூத்து நிற்பதற்குப் பெரும்பாலும் பூக்கத் தூண்டும் ஹார்மோனான ஜிபரெலிக் அமிலத்தின் தெளிப்பே காரணம் என்பதால், வீட்டில் அதே அளவு பூவை எதிர்பார்க்க வேண்டாம்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி பீஸ் லில்லியை விற்பார்கள். அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும், 1989-இல் வெளியான நாசா ஆய்வு மூடிய பெட்டிக்குள் நடந்தது. ஜன்னல் திறந்த வீட்டுக்கு அது பொருந்தாது.

இரண்டையும் கடித்தால், வேகாத கருணையைப் போல வாயும் நாக்கும் எரியும். குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். உப்பான போர் தண்ணீரில் இரண்டுக்குமே இலை நுனி கருகும். ஆதலால் மழைக்காலத்தில் மொட்டைமாடியில் ஒரு வாளி வைத்து, அந்த நீரைத்தான் இரண்டுக்கும் ஊற்றுகிறேன்.