பழைய செட்டிநாட்டு வீட்டுக்கு விண்டோ ஏசியா ஸ்பிளிட் ஏசியா? நாங்க ஏன் விண்டோ போட்டோம்

ஆத்தாவுக்கு ராத்திரி தூக்கம் கெட்டதுல தான் எங்க வீட்ல ஏசி பேச்சே வந்துச்சு. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு, ரெண்டடி சுவர், ஆத்தங்குடி கல்லு, நடுவுல முற்றம், பகல்ல வெளியில இருந்து உள்ள வந்தா உடம்பு குளுந்துரும். ஆனா சித்திரை வைகாசியில அந்த கனத்த சுவர் பகல்பூரா வாங்கின சூட்டை ராத்திரி தான் விடும், காத்தும் நின்னுருச்சுன்னா வயசானவங்க பாடு ரொம்ப கஷ்டம்.

காரைக்குடியில நாலு கடை ஏறி இறங்குனோம், எல்லா கடையிலயும் ஸ்பிளிட்ட தான் (ரூமுக்குள்ள இண்டோர், வெளிய அவுட்டோர்னு ரெண்டு பெட்டியா வர்றது) முதல்ல காட்டுனாங்க, நாங்களும் அதுதான் வாங்கப் போனோம், வாங்கிட்டு வந்தது 1 டன் விண்டோ (எல்லாம் ஒரே பெட்டியில, ஜன்னல்ல உட்கார வைக்கிறது). ரெண்டு கோடை ஓடிருச்சு, அந்த அனுபவத்துல தான் சொல்றேன்.

ஸ்பிளிட்டோட நல்லத முதல்லயே சொல்லிடுறேன். சத்தம் கம்மி, கேஸை அழுத்துற கம்ப்ரசர் வெளிய இருக்கறதால. கரண்டை மிச்சம் பண்ற நல்ல ஸ்டார் உள்ள மாடல் நிறைய கிடைக்குது, இன்வெர்ட்டர் ஏசின்னா ரூம் குளுந்த பிறகு கம்ப்ரசர் வேகத்தை குறைச்சு ஓட்டும், நின்னு நின்னு ஸ்டார்ட் ஆகாது, அதனால கரண்ட் மிச்சம். நம்ம ஊர்ல ரெண்டு மாச பில் 500 யூனிட் தாண்டுனா ரேட் கணக்கே மாறிடும், அதனால தினம் எட்டு மணி நேரம் ஓட்டுறவங்களுக்கு இது பெரிய விஷயம். விண்டோல சத்தம் இருக்கு, ஜன்னல் ஒண்ணு போயிரும், கடையில மாடலும் கம்மி. இதெல்லாம் உண்மை தான்.

அப்புறம் ஏன் விண்டோ? பராமரிப்பு. அது ஒண்ணுக்காகத்தான்.

ஏசி குளிர்ச்சிய உண்டாக்குற மெஷின் இல்லைங்க, ரூம்ல இருக்க சூட்டை அள்ளி வெளிய கொட்டுற மெஷின், கிணத்துல தண்ணி இறைக்கிற மாதிரி. உள்பக்க காயில்ல (வளைச்சு வளைச்சு வச்ச பைப்) கேஸ் திரவமா வந்து ஆவியாகும்போது ரூம் சூட்டை இழுத்துக்கும், கம்ப்ரசர் அதை அழுத்தி இன்னும் சூடாக்கி வெளிப்பக்க காயிலுக்கு அனுப்பும், அங்க சூட்டை விட்டுட்டு திரவமாகி திரும்ப உள்ள வரும். அதே கேஸ் தான் சுத்திக்கிட்டே இருக்கும், வண்டிக்கு பெட்ரோல் மாதிரி தீர்ந்து போறது இல்ல. அதனால வருசா வருசம் ஒருத்தர் வந்து கேஸ் கம்மியா இருக்கு, போடணும்னு சொன்னா எங்கயோ லீக் இருக்குன்னு தான் அர்த்தம், லீக்கை அடைக்காம கேஸ் போடுறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துறது.

அந்த லீக் எங்க வரும்? ஸ்பிளிட்ல இண்டோரையும் அவுட்டோரையும் சேர்க்குறது ரெண்டு காப்பர் பைப், பைப்போட ரெண்டு முனையிலயும் பிளேர் நட்டு (பைப் வாயை விரிச்சு அது மேல முறுக்குறது), ஆக நாலு ஜாயிண்ட், நாலையும் நம்ம வீட்ல வந்து கையால முறுக்குறாங்க. பிளேர் சரியா விரியலைன்னாலோ, நட்டை கூடவோ குறையவோ முறுக்குனாலோ கொஞ்சம் கொஞ்சமா கசியும். பைப் மாட்டுன பிறகு பம்ப் வச்சு வேக்கம் போட்டு உள்ள இருக்க காத்தையும் ஈரத்தையும் எடுக்கணும், அவசரத்துல அதை விட்டுட்டு போறவங்களும் உண்டு. விண்டோல இந்த வேலையே கிடையாது, எல்லா ஜாயிண்டும் கம்பெனியிலயே பத்த வச்சு சீல் பண்ணி வருது. எங்க பங்காளி வீட்ல ஸ்பிளிட் போட்டு மூணு கோடை, மூணு தடவை கேஸ் போட்டாங்க, கடைசியில இன்னொருத்தர் வந்து சோப்பு நுரை தடவி பார்த்தாரு, இண்டோர் பின்னாடி நட்டுல முட்டை முட்டையா கிளம்புச்சு. முதல் வருசமே பார்த்திருந்தா முடிஞ்சிருக்க வேலை.

எங்க வீட்ல அதுக்கு மேல ஒரு சிக்கல், அவுட்டோரை எங்க வைக்கிறது? முற்றத்துல வச்சா அனல் காத்து வளவுக்குள்ளயே (முற்றத்தை சுத்தி இருக்க உள்பகுதி) சுத்தும். பக்கத்து சந்துச் சுவர் எங்களுது இல்ல. மிச்சம் இருக்கது மேல, அது நாட்டு ஓடு. ஓட்டு மேல ஒரு ஆள் ஏறி இறங்குனா நாலு ஓடு உடையும், மழைக்கு உத்தரம் நனையும், பர்மா தேக்கு நனைஞ்சா அந்த செலவு ஏசி விலைய தாண்டும். இன்ஸ்டால் பண்ண ஒரு தடவை ஏறிடுவாங்க, வருசா வருசம் கழுவ யார் ஏறுவா? பைப்பும் எட்டு மீட்டர் வேணும்னாங்க, கூட வர்ற பைப் மூணு மீட்டர் தான். போதாததுக்கு சுவர்ல ஓட்டை, ஏசி தண்ணிய வெளிய விடுற ட்ரெயின் பைப் வாட்டம் தப்பிச்சுன்னா தண்ணி முட்டைப்பூச்சு சுவர்ல வழிஞ்சு கறை, அந்த பூச்சை திரும்ப பூச இப்ப ஆளே கிடைக்கிறது இல்ல.

விண்டோவுக்கு ஆசாரி வந்து ஜன்னல் கதவு ரெண்டையும் கழட்டி, கம்பிய மட்டும் எடுத்துட்டு, பிளைவுட் சட்டம் அடிச்சு பின்பக்கம் லேசா சரிச்சு உட்கார வச்சாரு, தண்ணி தானா வெளிய போயிரும். நிலைய அறுக்கல. கழட்டுன கதவும் கம்பியும் பழைய வேட்டியில சுத்தி மச்சுல இருக்கு, நாளைக்கே ஏசிய எடுத்தாலும் ஜன்னல் பழையபடி ஆயிரும். ரூம் 10க்கு 11, உசரம் 12 அடி, மேல மச்சு இருக்கதால வெயில் நேரா இறங்காது, 1 டன் தாங்குது. (டன்னுன்னா ஏசி எடை இல்ல, ஒரு டன் ஐஸ் ஒரு நாள்ல உருக எவ்வளவு சூடு வேணுமோ அந்த அளவு சூட்டை இழுக்கும்னு கணக்கு, மணிக்கு 12,000 பி.டி.யூ.) 26ல வச்சு ஃபேனை ஒண்ணுல விட்டா ஆத்தா போர்வை கேக்குறாங்க.

பில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நானே உருவி முற்றத்துல கழுவுறேன். நம்ம செம்மண் புழுதி, முதல் சொம்பு தண்ணி ஊத்துனா செங்கல் கரைச்ச மாதிரி ஓடும். அது அடைச்சா காத்து குறையும், காயில் உறைஞ்சு ஐஸ் கட்டும், அப்புறம் ஐஸ் உருகி ரூமுக்குள்ள சொட்டும், நாம கேஸ் போச்சுன்னு ஆள கூப்பிடுவோம். பின்பக்க காயில் இன்னும் முக்கியம், அதுல புழுதி ஏறுனா சூடு வெளிய போகாது, கம்ப்ரசர் முக்கி முக்கி ஓடி கரண்டையும் இழுத்து சீக்கிரம் போயிரும். பங்குனியில மெக்கானிக்கும் இன்னொரு ஆளும் வந்து மெஷினை கேசிங்ல இருந்து இழுத்து தரையில வச்சு, மோட்டாரையும் வயரிங்கையும் பாலிதீன் சுத்தி காயிலை கழுவுவாங்க, முழுக்க என் கண்ணு முன்னாடி. போன தடவை பல்லி ஒண்ணு செத்து ஒயர் பக்கம் கிடந்துச்சு, எடுத்தாச்சு. ஓட்டு மேல இருக்க அவுட்டோர்ல இதை யார் பார்த்திருப்பா?

ரெண்டு கோடை தான் ஆயிருக்கு, அஞ்சாறு வருசம் ஓட்டுனவன் மாதிரி நான் பேச முடியாது. இன்வெர்ட்டர் விண்டோவும் வருது, எங்களுது அது இல்ல. காரைக்குடியில கான்கிரீட் வீடு, பால்கனியில கை எட்டுற இடத்துல அவுட்டோர் வைக்கலாம்னா ஸ்பிளிட்டே வாங்குங்க, ஆனா வேக்கம் போடுறாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க.

திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வந்து வீட்டை திறக்குறவங்களுக்கு ஒண்ணு. பூட்டுறதுக்கு முன்னாடி கூலிங்கை நிறுத்திட்டு ஃபேன் மோட்ல அரை மணி நேரம் ஓட விடுங்க, காயில் காயட்டும், அப்ப தான் அடுத்த தடவை பூஞ்சை வாடை அடிக்காது. அப்புறம் எம்.சி.பி.ய (ஏசிக்கு கரண்டை நிறுத்துற சுவிட்ச்) இறக்கிட்டு வெளிப்பக்கம் அணில் கூடு கட்டாம வலை கட்டிருங்க, திரும்ப வந்து ஆன் பண்றதுக்கு முன்னாடி அந்த வலைய முதல்ல அவுக்கணும்.