மதுரையில் ஜெர்மன் ஓட்டல்: ஷ்னிட்செலுக்குப் போகலாம், முட்டைக்கோஸுக்குப் போக வேண்டாம்

பைபாஸ் ரோட்டுப் பக்கம் மாடியில் இருக்கிற ஓட்டல் இது. உள்ளே நுழைந்ததும் நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட மேஜைத்துணி, ஸ்பீக்கரில் அக்கார்டியன். அந்த நீல வெள்ளைக் கட்டம் ஜெர்மனி முழுமைக்கும் உரியதல்ல, பவேரியா மாநிலக் கொடியில் வருவது. சுவரில் பவேரியாவின் 1516ஆம் ஆண்டு பீர் சட்டத்தை பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஆனால் ஓட்டலுக்கு பார் லைசென்ஸ் கிடையாது, அதனால் பீரும் கிடையாது. அதற்குப் பதில் ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த ‘அப்ஃபெல்ஷோர்லே’ தருகிறார்கள். பாட்டில் ஜூஸை அப்படியே ஊற்றினால் பாகு மாதிரி இனிக்கும். பாதிக்குப் பாதி சோடா கலக்கச் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கடைக்குப் போக ஒரே காரணம் ஷ்னிட்செல், அதாவது ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த மெல்லிய கறித்துண்டு. மெனுவில் ‘வீனர் ஷ்னிட்செல், சிக்கன்’ என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் அசல் வீனர் ஷ்னிட்செல் கோழியில் செய்வதல்ல. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வெறுமனே அந்தப் பெயரைப் போட்டால் கன்றுக்குட்டி இறைச்சிதான் இருக்க வேண்டும், வேறு கறி என்றால் எந்தக் கறி என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ‘வியன்னா பாணி’ என்று எழுத வேண்டும். பெயர் போகட்டும், பக்குவம் சரியாக இருக்கிறது. கோழி நெஞ்சுக்கறியை 4 மில்லிமீட்டர் அளவுக்குத் தட்டி, மைதா, முட்டை, ரொட்டித்தூள் என்ற வரிசையில் புரட்டுகிறார்கள். தூளைக் கையால் அழுத்தாததுதான் சூட்சுமம். எண்ணெய் 170 டிகிரியில் இருக்கும்போது தாராளமாக மிதக்கவிட்டு, மேலேயும் கரண்டியால் அள்ளி ஊற்றினால், உள்ளே கிளம்பும் ஆவி மேல்தோலைத் தூக்கிவிடும். தட்டில் பார்த்தால் தோல் கறியை ஒட்டாமல் அலை அலையாக உப்பியிருக்க வேண்டும், கத்தி வைத்தால் மொறுமொறு சத்தம் கேட்க வேண்டும். இங்கே இரண்டும் இருக்கிறது. தூளை அழுத்தியிருந்தாலோ எண்ணெய் சூடு குறைந்திருந்தாலோ ரயில்வே கேன்டீன் கட்லெட் மாதிரி எண்ணெய் குடித்துத் தட்டையாகக் கிடக்கும்.

கூட்டம் சேர்ந்த ராத்திரிகளில் மட்டும் ஒரு குறை: மேலே கருஞ்சிவப்பு, உள்ளே அரை வேக்காடு. இனிப்பு பிரெட்டை இடித்துத் தூளாக்கினால் இப்படித்தான் ஆகும், அதிலுள்ள சர்க்கரை சீக்கிரம் கருகிவிடும். நிறம் மீறி வந்தால் நறுக்கிப் பாருங்கள், நடுவில் இளஞ்சிவப்பு தெரிந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். காளான் கிரேவியைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். மேலே ஊற்றிக் கொண்டுவந்தால் மொறுமொறுப்பு ரெண்டு நிமிஷத்தில் போய்விடும். எலுமிச்சம்பழத் துண்டு ஒன்று போதும், கெட்சப் வேண்டாம். 450 ரூபாய், ஒரு தட்டை இரண்டு பேர் சாப்பிடலாம்.

கூட வரும் உருளைக்கிழங்கு சாலட் தென் ஜெர்மன் முறையில் இருந்தால்தான் ஷ்னிட்செலுக்குப் பொருந்தும்: வெந்த கிழங்கை வட்டமாக நறுக்கி, சூடு ஆறுமுன் சூப்புத் தண்ணீர், வினிகர், கடுகு விழுது, வெங்காயம் சேர்ப்பது. இங்கே கிழங்கைக் குழைய வேகவிடுகிறார்கள். மஞ்சள் போட மறந்த பூரிக்கிழங்கு மாதிரி இருக்கிறது.

அடுத்து ஸ்பெட்ஸ்லே. முட்டையும் மைதாவும் சேர்த்த கெட்டி மாவை ஓட்டைத் தகடு வழியாகக் கொதிக்கிற தண்ணீரில் தேய்த்து விழவைக்கிற சமாச்சாரம். நம்ம பூந்திக் கரண்டி வேலைதான், எண்ணெய்க்குப் பதில் வெந்நீர். மிதந்து மேலே வந்ததும் அரித்தெடுத்து, சீஸும் பொன்னிறமாக வறுத்த வெங்காயமும் சேர்க்க வேண்டும். இங்கே மாவும் வெங்காயமும் நன்றாக இருக்கின்றன. சீஸ்தான் மொஸரெல்லா, ஆறினால் ரப்பர். தட்டு வந்தவுடன் சாப்பிட்டுவிட வேண்டும். ‘வெஜ்’ பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள், ஆனால் இதில் முட்டை உண்டு.

சவர்க்ரவுட், அதாவது உப்பில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் விஷயத்தில் ஊரின் வெயிலே எதிரி. ஒரு கிலோ முட்டைக்கோஸுக்கு 20 கிராம் உப்புப் போட்டுப் பிசைந்து, அது விடும் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி, 18 முதல் 20 டிகிரிச் சூட்டில் நாலு வாரமாவது புளிக்க விட வேண்டும். சித்திரை வைகாசியில் இங்கே சமையல்கட்டில் வெளியே வைத்தால் சில நாளிலேயே புளித்துத் துவண்டு போகும். இந்த ஓட்டல் அந்த வம்பே வேண்டாமென்று பச்சைக் கோஸில் வினிகரை ஊற்றிக் கொடுக்கிறது. கண்டுபிடிப்பது சுலபம்: வினிகர் வாடை மூக்கில் குத்தும். உண்மையாகப் புளித்ததென்றால் நீராகாரம் மாதிரி நாக்கின் ஓரத்தில் மெதுவாக ஏறும். இதற்கு 160 ரூபாய் கேட்பது கொஞ்சம் அதிகம்.

சாஸேஜ் பக்கம் போக வேண்டாம். பிராட்வுர்ஸ்ட் (ஜெர்மன் வறுத்த சாஸேஜ்) என்று வருவது ஃப்ரீசரில் இருந்து எடுத்த தோலில்லாத சிக்கன் சாஸேஜ். கரிவுர்ஸ்ட் என்ற சாஸேஜ் 1949இல் பெர்லினில் ஹெர்டா ஹாய்வர் என்ற பெண்மணி போட்ட கடையில் வந்த பண்டம், தக்காளி சாஸும் லேசான கறிப்பொடியும்தான் அதன் உயிர். இங்கே மேலே பச்சையாகத் தூவுவது கரம் மசாலா. கறிச்சுக்கா தின்று வளர்ந்த ஊரில் இந்தப் பச்சை வாசனையை யார் மன்னிப்பார்கள்?

முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும் ரொட்டியான பிரெட்செல் பரவாயில்லை. நிறம்தான் வெளுப்பு. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் முக்கி எடுத்தால்தான் அந்தப் பளபளத்த செம்பழுப்பு வரும், சமையல் சோடாவில் பாதிதான் வரும். மழை நாளில் மேலுள்ள கல் உப்பு ஈரம் இழுத்துத் தோல் பிசுபிசுக்கும், ஐப்பசியில் போனால் அப்போதே சுட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளாக் ஃபாரஸ்ட் கேக்கில் கிர்ஷ் என்ற செர்ரிச் சாராயம் இல்லை, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மேலிருக்கும் சிவப்பு ‘செர்ரி’ சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய். 220 ரூபாய்க்கு அது தேவையில்லை.

பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டிக்கு மேல் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருப்பார்கள். அது கட்டாயமில்லை, சொன்னால் தம்பிகள் முகம் சுளிக்காமல் எடுத்துவிடுகிறார்கள். சனி, ஞாயிறு ஏழரை மணிக்கு மேல் போனால் மேஜை கிடைக்க நேரமாகும், சமையல்கட்டும் திணறும். வார நாளில் ஏழு மணிக்குப் போங்கள். கீழே பைக்குக்கு இடம் உண்டு, காரைத் தெருவில்தான் விட வேண்டும்.