ஐலண்ட் பீக் பெர்மிட்டைக் கண்ணால் பார்த்தீர்களா?

போன அக்டோபரில் நேபாளத்தில் ஐலண்ட் பீக் (6,189 மீட்டர்) ஏறப் போய், பேஸ் கேம்ப்பைக்கூட எட்டாமல் திரும்பினோம். நானும் ஆபீஸ் நண்பர்கள் இருவரும். ஆளுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்பதால் ஏஜென்ட் பெயரைச் சொல்லவில்லை.

திட்டம் பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. உடம்பு உயரத்துக்குப் பழக நாம்சே பஜாரில் ஒரு நாள் ஓய்வு, திங்போச்சேயில் ஒரு நாள் ஓய்வு. ஆனால் நடை தொடங்கும் ஊரான லுக்லாவுக்கு விமானத்தில்தான் போகிறோம்; மேகம் இறங்கினால் அது பறக்காது. அதற்கென்று ஒரு நாள்கூட உபரியாக விடவில்லை; எங்களுக்கும் அது உறைக்கவில்லை. சீசனில் பெரும்பாலான லுக்லா விமானங்கள் காத்மாண்டுவிலிருந்து அல்ல, ராமேசாப் என்ற ஊரிலிருந்துதான் கிளம்பும் என்பதையே காத்மாண்டு போன பிறகு சொல்லி, நள்ளிரவில் ஜீப்பில் ஏற்றினார்கள். அங்கே இரண்டு நாள் மூட்டம். போன இரண்டு நாளையும் எதில் கழித்தார்கள் தெரியுமா? அந்த ஓய்வு நாட்களில்.

3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், படுக்கும் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை நின்று ஓய்வெடுக்க வேண்டும். நாங்கள் நாம்சே 3,440, தெங்போச்சே 3,860, திங்போச்சே 4,410 என்று அடுத்தடுத்த ராத்திரிகளில் ஏறிப் படுத்தோம். திங்போச்சேயில் ஒரு நண்பனுக்குத் தலை பிளக்கும் வலி, வாந்தி. கைடு போனை எடுத்துவிட்டார். "ஹெலிகாப்டர் கூப்பிடலாம் சார், இன்ஷூரன்ஸ் கொடுக்கும். நடக்க முடியலன்னு மட்டும் சொல்லுங்க." நண்பனோ நேராக, தள்ளாடாமல் நடந்துகொண்டிருந்தான். தேவையே இல்லாமல் ஹெலிகாப்டரில் ஏற்றி இன்ஷூரன்ஸில் காசு பார்க்கும் இந்த மோசடியை 2018-ல் நேபாள அரசே விசாரித்தது. லாட்ஜ் நடத்தும் அக்காதான் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, மேட்டைத் தாண்டினால் ஃபெரிச்சேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் கிளினிக் இருக்கிறது என்றார். டாக்டர் பார்த்துவிட்டு, மேலே போகாதே, கீழே போய்ப் படு என்றார். போர்ட்டருடன் பாங்போச்சே இறங்கினான். ராத்திரி தால் பாத் கேட்டுச் சாப்பிட்டானாம்.

நானும் இன்னொருவனும் இன்னும் மேலே, சுக்குங் என்ற ஊர் வரை போனோம். அங்கேதான் 'கிளைம்பிங் கைடு' வருவார் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது இருபது வயதுகூட நிரம்பாத ஒரு தம்பி. கொண்டுவந்த கிராம்பானில் (பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் முள் சட்டம்) ஒன்று என் பூட்ஸில் மாட்டவே இல்லை. கயிற்றில் தொங்கி ஏற வேண்டிய பனிச்சுவருக்கு இதுதான் ஏற்பாடு. லைசென்ஸ் கேட்டதற்குச் சிரித்தான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, கூலிக்கு வந்தவன்.

பெர்மிட் எங்கே என்று கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. எங்கள் ஏஜென்ட் பணத்தை வாங்கிக்கொண்டு காத்மாண்டுவில் இன்னொருவரிடம் கைமாற்றிவிட்டிருக்கிறார். அவர் பெர்மிட்டே எடுக்கவில்லை. "யாரும் கேக்க மாட்டாங்க தாய், பாத்துக்கலாம்" என்றார் கூடவே நடந்து வந்த கைடு. (நேபாளியில் 'தாய்' என்றால் அண்ணன்.) மறுநாள் காலையில் இறங்க ஆரம்பித்தோம்.

ஊருக்கு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டால், "நீங்களாகத்தானே திரும்பினீர்கள்" என்கிறார் ஏஜென்ட்.

நேபாள் மவுண்டெனியரிங் அசோசியேஷன் கொடுக்கும் பெர்மிட்டில் ஏறுபவர்களின் பெயர் இருக்கும். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறேன் என்பார். காத்மாண்டுவில் அந்தத் தாளைக் கையில் வாங்கி, உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.