எச்சரிக்கை: கனடாவில் "பிரெஞ்சு பேசும் முதலாளி விசா" என்று ஒன்று கிடையாது

பாரிஸ் லா சப்பலில் பல வருடமாகக் கடை நடத்தும் ஒரு குடும்பம் கனடாவின் மறுப்புக் கடிதத்தோடு எங்களிடம் வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை, நல்ல பிரெஞ்சு, கையில் முதலீடு எல்லாமே இருந்தன. ஒட்டாவாவில் மளிகைக் கடை போட "பிரெஞ்சு முதலாளி விசா" எடுத்துத் தருகிறேன் என்று ஒரு முகவர் 14,000 யூரோ வாங்கியிருக்கிறார். இதே கதையோடு வரும் குடும்பங்கள் கூடிக்கொண்டே போவதால் இதை எழுதுகிறோம்.

முகவர் செய்த வேலை மிகச் சிறியது. ஒன்ராறியோவில் இணையவழி ஒரு கொம்பனி பதிந்தார். அதற்கு அரசுக் கட்டணம் 300 டொலர்தான். பிறகு அந்தக் கொம்பனி கடைக்காரருக்கே "மேலாளர்" வேலை கொடுப்பதாக ஒரு கடிதம் தயாரித்து, "மொபிலிதே பிராங்கோபோன்" என்ற, பிரெஞ்சு பேசும் ஊழியர்களுக்கான வேலை பெர்மிட்டுக்கு அனுப்பினார். குடிவரவு அதிகாரிகள் சி16 என்று குறிப்பது இதைத்தான். அந்தக் கடிதத்தில் முதலாளி என்று ஒரு கையெழுத்தும் ஊழியர் என்று ஒரு கையெழுத்தும் இருக்கின்றன. இரண்டையும் போட்டவர் ஒரே ஆள். கொம்பனி முகவரியோ, மாத வாடகைக்குத் தபால் மட்டும் வாங்கி வைக்கும் அலுவலகம்.

சி16 உண்மையான பெர்மிட்தான், நல்ல பெர்மிட்டும்கூட. கியூபெக்குக்கு வெளியே வேலை தரும் ஒருவர் கிடைத்தால், உள்ளூரில் ஆள் தேடிப் பார்த்ததாக அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. 2023 ஜூனில் தேவையான பிரெஞ்சு மட்டத்தைப் பேசுவதிலும் கேட்பதிலும் என்சிஎல்சி (கனடாவின் பிரெஞ்சு மொழி அளவுகோல்) 5 ஆகக் குறைத்தார்கள். சில விவசாய வேலைகள் தவிர மற்ற எல்லா வேலைகளுக்கும் திறந்துவிட்டார்கள். ஆனால் அது ஊழியருக்கான வழி. வேலை தருபவர் குடிவரவுத் திணைக்களத்தின் இணையதளத்தில் விவரம் பதிந்து 230 டொலர் கட்டினால், "ஏ" எழுத்தில் தொடங்கும் ஏழு இலக்க எண் ஒன்று கிடைக்கும். அந்த 230 டொலரை ஊழியரிடம் வாங்குவது சட்டப்படி தவறு. அதிகாரி பார்ப்பது நான்கு விடயங்கள்: தொழில் உண்மையில் நடக்கிறதா, அதற்கு இந்த ஆள் தேவையா, சொன்ன சம்பளத்தைக் கொடுக்க முடியுமா, வேலை தருபவர் முன்பு சட்டப்படி நடந்தாரா. போன வாரம் பதிந்த, வருமானமோ கடை ஒப்பந்தமோ வேறு ஊழியரோ இல்லாத கொம்பனி முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

கியூபெக் விடயத்திலும் ஏமாற்று நடக்கிறது. பிரெஞ்சு பேசுபவர்களுக்கு மொன்றியல் மீது ஆசை வருவது இயல்பு. "பெர்மிட்டை ஒட்டாவாவுக்கு எடுப்போம், ஆற்றைக் கடந்து கட்டினோவில் கடை போடலாம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கட்டினோ கியூபெக் மாகாணம். அங்கே நிரந்தரமாகக் குடியேறித் தொழில் செய்ய விரும்புகிறவருக்குக் கியூபெக் தானே நடத்தும் தெரிவு முறைதான் வழி, சி16 செல்லாது.

சொந்தத் தொழில் செய்ய வருபவருக்கான பெர்மிட் சி11. தொழிலில் குறைந்தது பாதிப் பங்கு உங்களுடையதாக இருக்க வேண்டும். அந்தத் தொழிலால் கனடாவுக்குக் குறிப்பிடத்தக்க நன்மை உண்டு என்று காட்ட வேண்டும். முகவர்கள் எழுதிக் கொடுக்கும் திட்டங்களில் ஊர்ப் பெயரை மாற்றினால் எந்த ஊருக்கும் பொருந்தும். அதிகாரிகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எந்தத் தெரு, எவ்வளவு வாடகை, அருகில் என்ன கடைகள், யாரை என்ன சம்பளத்துக்கு எடுப்பீர்கள் என்று எழுத வேண்டுமென்றால் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக்காரர் 7 டொலர் இணைய அனுமதியோடு விமானமேறிப் போய்ப் பார்க்கலாம். முகவருக்கு ஒரு சதம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது அதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

சி11இல் போகிறவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று உண்டு. கனடாவில் சொந்தத் தொழில் செய்த காலம் நிரந்தர வதிவிடம் தரும் கனடிய அனுபவப் பிரிவில் கணக்கில் வராது. மூன்று வருடம் கடை நடத்தியபின் நிரந்தர வதிவிடத்துக்குப் போட்டு, தகுதியில்லை என்று பதில் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறோம். நிரந்தர வதிவிடத்துக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், பிரெஞ்சுக்கான தெரிவுகளுக்கு நான்கு திறனிலும் என்சிஎல்சி 7 வேண்டும். டிசிஎப் கனடா என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் அது கேட்டலுக்கு 458, பேசுதலுக்கு 10. பிரான்சில் பிறந்து படித்தவரும் கனடா ஏற்கும் பிரெஞ்சுத் தேர்வு ஒன்றை எழுதத்தான் வேண்டும். டெல்ப் என்ற பிரான்சின் மொழிச் சான்றிதழை அங்கே ஏற்கமாட்டார்கள். பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். "ஸ்டார்ட்-அப் விசா"வை இன்னும் (புதுத் தொழில் தொடங்குபவருக்கு நிரந்தர வதிவிடம் தந்த திட்டம்) விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்: 2025இலேயே அங்கீகரிக்கப்பட்ட அமைப்பிடம் ஆதரவுச் சான்று பெற்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்தத் திட்டம் 2025 இறுதியோடு மூடப்பட்டுவிட்டது.

மறுப்போடு இது முடிவதில்லை. இனி நிரப்பும் ஒவ்வொரு படிவத்திலும் "மறுக்கப்பட்டதா" என்ற கேள்விக்கு ஆம் என்றே எழுத வேண்டும். பொய்யான அனுபவக் கடிதம் ஒன்று கோப்பில் இருந்து அது பிடிபட்டால் ஐந்து வருடத் தடை. உங்களுக்குத் தெரியாமல் முகவர் வைத்தது என்றாலும், விண்ணப்பம் உங்கள் பெயரில் இருப்பதால் பொறுப்பும் உங்களுடையதுதான்.

காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல உரிமை உள்ளவர்கள் மூன்று வகை: மாகாணச் சட்டச் சங்கத்தில் பதிந்தவர்கள், கியூபெக் நொத்தாரிசு, குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் (ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அமைப்பு) உரிமம் பெற்றவர். உரிம எண்ணைக் கேட்டு, கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். பிரதிநிதியின் பெயரைக் குறிக்கும் ஐஎம்எம் 5476 படிவத்தில் தன் பெயரைப் போட மறுப்பவர், "நீங்களே செய்ததாக அனுப்புவோம்" என்பவர், உரிமம் இல்லாதவர்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல்லையும் அனுப்பிய ஒவ்வொரு தாளின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். முடிவு வராத விண்ணப்பத்தில் பொய்த்தாள் இருந்தால், உரிமம் பெற்ற ஒருவரிடம் காட்டி, உடனே திரும்பப் பெறுவதா திருத்துவதா என்று கேளுங்கள். மறுப்பு வந்திருந்தால், தனிநபர் தகவல் சட்டத்தின் கீழ் அதிகாரியின் குறிப்புகளைக் கேட்கலாம். வெளிநாட்டில் இருப்பவரும் கேட்கலாம், கட்டணம் கிடையாது. மறுப்புக் கடிதத்தில் பெட்டியில் போட்ட சரி அடையாளம் மட்டுமே இருக்கலாம். "வேலை தருபவரும் விண்ணப்பதாரரும் ஒருவரே" என்ற உண்மையான காரணம் அந்தக் குறிப்புகளில் இருக்கும். அடுத்த விண்ணப்பத்தை அதைப் படித்த பிறகு எழுதுங்கள்.