செபாங் மோட்டோஜிபி பேக்கேஜ் எடுப்பவர்கள் கவனத்திற்கு

மலேசியாவின் செபாங்கில் மோட்டோஜிபி பைக் பந்தயம் பார்க்க ஏஜென்ட் மூலம் போக நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மெயின் கிராண்ட்ஸ்டாண்ட் (கூரையுள்ள முக்கியப் பார்வையாளர் அரங்கம்) சீட், ஓட்டலிலிருந்து சர்க்யூட்டுக்குப் போய்வர வேன், அணிகள் பைக்குகளைத் தயார் செய்யும் இடத்தை ஒட்டிய பாதையான பிட் லேனில் நடக்க அனுமதி. இந்த மூன்றையும் சொல்லித்தான் சென்னையில் ஒரு ஏஜென்சி எங்களிடம் மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கியது. அப்பாவுக்கு முழங்கால் வலி. அதனால் கூரையோடு கூடிய சீட்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தோம். வாட்ஸ்அப்பில் வந்த படமும் மெயின் ஸ்டாண்டுடையதுதான்.

அந்த இடத்துக்கு ஆசைப்படக் காரணம் உண்டு. 5.543 கிலோமீட்டர் சுற்றின் இரண்டு நீண்ட நேர்பாதைகளுக்கும் நடுவே நிற்கிற ஸ்டாண்ட் அது. பின்பக்கப் பாதையில் முழு வேகத்தில் வரும் பைக்குகள் 15-வது வளைவில் பிரேக் பிடித்துத் திரும்பி, பிட் பக்கமாகச் சீறிப் போகும். கடைசிச் சுற்றில் முந்துவதற்கான கடைசி வாய்ப்பும் அந்த வளைவில்தான்.

டிக்கெட் கேட்டபோதெல்லாம், "அங்க கடைசி நேரத்துலதான் தருவாங்க சார்" என்றார்கள். கோலாலம்பூர் போய் இறங்கிய பிறகுதான் அனுப்பினார்கள். வாசலில் இருந்த தமிழ்ப் பையன் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ஹில்ஸ்டாண்ட் டிக்கெட். இந்த வாசல் இல்ல" என்றான். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு வாசலுக்கு வழிகாட்ட அவனே கொஞ்ச தூரம் கூட வந்தான். நல்ல பிள்ளை.

ஹில்ஸ்டாண்ட் என்றால் புல்மேடு. சீட் எண் கிடையாது, கூரை கிடையாது. இளைஞர்கள் கூட்டமாகப் போனால் அதுவும் அருமையான இடம்தான், விலையும் மிகக் குறைவு. ஆனால் நாங்கள் கொடுத்தது மெயின் ஸ்டாண்டுக்கான பணம். போட்டி நடக்கும் அக்டோபர், நவம்பரில் அங்கே பிற்பகல் மழை சகஜம். 2012 மோட்டோஜிபி பந்தயமே மழையால் பாதியில் நின்றிருக்கிறது. நாங்கள் போன அன்றும் கொட்டியது. சரிவில் சேறு வழுக்க, அப்பாவை இரண்டு பக்கமும் பிடித்துத்தான் கீழே இறக்கினோம். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பிட் லேன் நடை விஐபி வில்லேஜ் போன்ற விலையுயர்ந்த டிக்கெட்டுகளோடு வருவது. புல்மேட்டு டிக்கெட்டுக்கு அது கிடையவே கிடையாது. கேட்டதற்கு, "ரூல்ஸ் மாத்திட்டாங்க சார்" என்று ஒரு பொய். பந்தயம் முடிந்த பிறகு வேனும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. சர்க்யூட் இருப்பது விமான நிலையத்துக்குப் பக்கத்தில். கோலாலம்பூருக்குள் திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும். மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வெளியேறும்போது டாக்சி கிடைப்பது பெரும்பாடு.

ஸ்டாண்டின் பெயர், வரிசை, சீட் எண் மூன்றும் அச்சிட்ட டிக்கெட் கைக்கு வராமல் முழுப் பணம் கட்டாதீர்கள். சர்க்யூட்டின் இணையதளத்தில் அந்த ஸ்டாண்டின் விலை என்ன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஏன், டிக்கெட்டை அங்கேயே நேரடியாக வாங்கிவிடலாம். கூரை வேண்டும், வேன் வேண்டும் என்பதையெல்லாம் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

வித்தியாசப் பணத்தைக் கேட்டதற்கு, அடுத்த டூரில் தள்ளுபடி தருகிறார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். அந்த வாட்ஸ்அப் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.