ஜிம் ஸ்கேன் சீட்டு: கொழுப்பு இறங்கியதா, நீர் ஏறியதா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து ஜிம்களில் வெறுங்காலோடு ஏறி நின்று, இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தால், உடம்பில் கொழுப்பு எவ்வளவு, கொழுப்பில்லா எடை எவ்வளவு என்று சீட்டு அடித்துத் தரும் பாடி காம்போசிஷன் மெஷின் பற்றிய மதிப்பீடு இது. உருப்படியான சேவைதான். ஆனால் சீட்டில் உள்ள எல்லா எண்களையும் ஒரேபோல நம்ப வேண்டாம்.

மெஷின் கொழுப்பை அளப்பதே இல்லை. லேசான மின்சாரத்தை உடம்பில் செலுத்தி, அதற்கு எவ்வளவு தடை என்று பார்த்து நீரின் அளவைக் கணக்கிடுகிறது. கொழுப்பு நீங்கலான எடையில் சுமார் 73 சதவீதம் நீர் என்பது அதன் கணக்கு. மிச்சமெல்லாம் கொழுப்பு. 60 கிலோ பெண்ணின் உடம்பில் 29.2 லிட்டர் நீர் இருந்தால் கொழுப்பு 20 கிலோ என்று வரும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் ஹார்மோன் மாற்றத்தால் சிலருக்கு உடம்பில் நீர் தங்கும். ஒரு லிட்டர் தங்கியதாக வைத்துக்கொண்டால் எடை 61 ஆகும், சீட்டிலோ கொழுப்பு 19.6 கிலோவாக இறங்கி, கொழுப்பில்லா எடை 1.4 கிலோ கூடியிருக்கும். டிரெய்னர் கைகுலுக்கிப் பாராட்டுவார். கூடியது வெறும் தண்ணீர்! தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கும் இதே குளறுபடி நடக்கும். மாதவிலக்கு முடிந்த சில நாட்களுக்குள், மாதாமாதம் அதே கட்டத்தில் எடுத்தால்தான் இரண்டு சீட்டுகளை ஒப்பிட முடியும். உயரம், வயது கேட்கும் ஜிம்காரர்கள் இதைக் கேட்பதில்லை. பெரிய குறை அதுதான்.

காலையில் வெறும் வயிற்றில், கழிப்பறை போய் வந்து, உடற்பயிற்சிக்கு முன்னால் ஏறுங்கள். வெயிலில் வந்த சூட்டோடு ஏறினால் தோலின் சூடு தடையைக் குறைத்து, கொழுப்பையும் குறைத்துக் காட்டும். நீர் வற்றிய உடம்பில் நேர்மாறாக நடக்கும். முதல் நாள் எண்ணெய்க் குளியல் என்றால் உள்ளங்காலைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள். பித்தவெடிப்பு உள்ள காய்ந்த குதிகால் தகட்டோடு சரியாக ஒட்டாது, ஈரத்துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும். கொலுசு, அரைஞாணைக் கழற்றிவிடலாம். மெட்டியைக் கழற்ற மனசு வராதவர்கள் ஒவ்வொரு முறையும் அதே மெட்டியோடு ஏறட்டும்.

சீட்டிலேயே பலவீனமான எண் ‘வயிற்று உள்கொழுப்பு’. எடையில் ஏறத்தாழ பாதி நடுவுடம்பில் இருந்தாலும், மொத்தத் தடையில் அதன் பங்கு பத்தில் ஒன்று அளவுதான். மெஷினுக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் கையும் காலும். ஹார்மோன் வேலையோ வயிற்றில்தான் நடக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை பெண்களுக்குக் கொழுப்பு இடுப்பிலும் தொடையிலும் சேரும், மாதவிலக்கு நின்றபின் வயிற்றுக்கு இடம் மாறும். நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரையும், ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவதும் வயிற்றைத்தான் பெருக்கும். மொத்தக் கொழுப்பு சதவீதம் அசையாமலே இந்த இடமாற்றம் நடந்துவிடலாம்.

இதற்குத் தையல்காரர் டேப்பே மேல். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டதும் அளவெடுங்கள். இந்தியர்களுக்கு ஆண் 90, பெண் 80 சென்டிமீட்டர் எல்லை. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் டெக்ஸா (DXA) எனும் எக்ஸ்ரே ஸ்கேன். வயிற்றுக் கொழுப்பையும் இடுப்புக் கொழுப்பையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். ஆனால் பல இடங்களில் அதை எலும்பு அடர்த்தி பார்க்கத்தான் வைத்திருக்கிறார்கள், ‘முழு உடல் கொழுப்பு’ ரிப்போர்ட் கிடைக்குமா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஜிம் மெஷினில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்க்கவும்.